ஆய்வுத் திட்டத்தை மூன்றாம் செமஸ்டரிலேயே தொடங்க விடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வேதியியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் கல்லூரி ஆசிரியர். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு வருடாவருடம் நாலைந்து பேருக்குக் கைடாக இருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

மூன்று வருடம் முன்பு ஒரு மாணவி வந்து, "சார், எங்க ஊர்க் கிணத்துத் தண்ணிய நானே சோதிச்சுப் பார்க்கணும்" என்றாள். வாணியம்பாடிக்குப் பக்கத்துக் கிராமம். தோல் ஆலைக் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்த விஷயம். அவள் வீட்டில் இன்னமும் குடிக்கிற தண்ணீரைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். தலைப்பை நான் கொடுக்கவில்லை. கேள்வி அவளுடையது.

ஜனவரியில் ஒன்பது கிணறுகளிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தாள். கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்த கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, பார்க்கும் டைட்ரேஷனில் சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட விட நிறம் ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற வேண்டும். பள்ளிக்கூடத்துக் கிணற்று நீருக்கு கரைசல் இருக்கும் அளவுக் குழாயான ப்யூரெட் காலியாகியும் நிறம் மாறவில்லை. மறுபடி நிரப்பினாள். வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில்கூட லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்தக் கிணற்றில் அதைப்போல் இரண்டு மடங்கு. அவளால் நம்ப முடியவில்லை. மூன்று முறை திருப்பிச் செய்தாள். அதற்குள் லேப் பூட்டும் நேரம் தாண்டி, அட்டெண்டர் சாவியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஏப்ரலில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டது நியாயமான கேள்விதான்: "மழைக்கு முன்னாடி எவ்வளவும்மா இருந்தது?" அவளிடம் பதில் இல்லை. எப்படி இருக்கும்? வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நம் ப்ராஜெக்ட் தொடங்குவதே மழை ஓய்ந்த பிறகு. கிணறு, ஏரி, வயல் என்று எதை எடுத்தாலும் பாதிக் கேள்வியை நம் கால அட்டவணையே தின்றுவிடுகிறது.

அதே நாளில் இன்னொரு மாணவன் ரெக்ஸின் அட்டையில் தங்க எழுத்து பதித்த தொகுப்போடு வந்தான். உள்ளே வரைபடங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஆனால் ஒரு அளவைக்கூட அவன் எடுத்ததில்லை, எல்லாம் வெளியே காசு கொடுத்து வாங்கியது. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம்தான் அவகாசம், கூடவே பாடங்கள், சாயங்காலம் கடையில் வேலை. நாமும் பைண்டிங் பண்ணிய பிரதிக்கும் பத்து நிமிட வைவாவுக்கும்தானே மதிப்பெண் போடுகிறோம்?

முன்பாவது பிஎச்.டி.க்கு முன்னால் படிக்கும் ஆய்வுப் பட்டமாக எம்.ஃபில். இருந்தது. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதை நிறுத்திவிட்டது. இனி பிஎச்.டி.க்குப் போகும் பிள்ளைக்கு முன் அனுபவம் என்றால் பெரும்பாலும் இந்த ஒரு ப்ராஜெக்ட்தான்.

அதனால் கேட்கிறேன். மூன்றாம் செமஸ்டர் தொடங்கும் ஜூலையிலேயே மாணவர் தன் கேள்வியை எழுதித் தரட்டும். செப்டம்பரில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை அளக்கட்டும். லேபில் அன்றன்று எழுதும் நோட்டுக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். வாராவாரம் கைடு அதில் கையெழுத்துப் போடட்டும். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்று நேர்மையாக எழுதினால் மதிப்பெண் குறையக் கூடாது. அப்புறம், பாட்டில் வாங்க, பஸ்ஸுக்கு என்று ஒரு சிறு தொகை. அது இல்லாமல்தான் பல நல்ல கேள்விகள் பாதியில் நிற்கின்றன.

நம் பிள்ளைகளால் முடியுமா என்று யாராவது கேட்டால், 1906-ஐ நினைவுபடுத்துங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த சி.வி. ராமனின் ஒளி விளிம்பு விளைவு (ஒளி ஓரங்களில் வளைந்து பரவுவது) பற்றிய கட்டுரை அந்த நவம்பரில்தான் லண்டன் பிலசாஃபிகல் மேகசின் என்ற அறிவியல் இதழில் வந்தது. அப்போது அவருக்கு வயது 18.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். கூப்பிட்டால், அந்தப் பெண்ணின் லேப் நோட்டோடு நானே வருகிறேன்.

அன்புடன்,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்
திருப்பத்தூர் மாவட்டம்