லெவோடோபி: பாலி விமானம் மட்டும்தான் செய்தியா?

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், செய்தி அறையில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

இந்தோனேசியாவின் லெவோடோபி லக்கி-லக்கி எரிமலை பொங்கும்போதெல்லாம் நம் திரையில் ஓடுவது அநேகமாக ஒரே வரிதான்: 'பாலி விமானங்கள் ரத்து, பயணிகள் தவிப்பு.' 2025 ஜூனில் டெல்லியிலிருந்து பாலிக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் திரும்பியதும் பெரிய செய்தியானது. அதைச் சொல்ல வேண்டியதுதான். 1982இல் ஜாவாவின் காலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் சிக்கிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு இன்ஜின்களும் நடுவானில் நின்றுபோயின. சாம்பல் என்றதும் விமானிகள் திரும்பிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்த மலை இருப்பது பாலியில் அல்ல. அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் கிழக்கே, ஃப்ளோரஸ் தீவில். அதன் அடிவாரத்து ஊர்க்காரர்கள் என்ன ஆனார்கள் என்று நம் செய்திகளில் கேட்கவே முடிவதில்லை.

2024 நவம்பர் 3, நள்ளிரவை நெருங்கும் நேரம். கிளாதன்லோ, ஹோகெங் ஜெயா போன்ற ஊர்களில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மலை வெடித்துத் தூக்கியெறிந்த பாறைகள் நெருப்பாகக் கனன்றபடி கூரைகளைப் பொத்துக்கொண்டு விழுந்தன. மர வீடுகள் பற்றி எரிந்தன. 9 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு கன்னியாஸ்திரியும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் உடுத்திய துணியோடு வெளியேறினார்கள். பலருக்கு இன்னும் பழைய வீடு திரும்பக் கிடைக்கவில்லை. தற்காலிகக் குடியிருப்பு, பிறகு வேறிடத்தில் நிரந்தர வீடு என்ற வாக்குறுதி, அதற்கான காத்திருப்பு. முந்திரித் தோப்பும் சோளக்காடும் மட்டும் மலையடியிலேயே கிடக்கின்றன. தோப்பைப் பார்க்கப் போவதா, உயிரைப் பார்ப்பதா என்ற கேள்வி அவர்களுக்குத் தினமும் வருகிறது. விளைந்ததை விட்டுவிட்டு வருவது எவ்வளவு கடினம் என்று நம் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

மலையை யாரும் கவனிக்காமல் விட்டுவிடவும் இல்லை. பாண்டுங்கைத் தலைமையிடமாகக் கொண்ட எரிமலை ஆய்வு மையத்தின் கண்காணிப்பு நிலையம் மலைக்கு அருகே புலுலேரா கிராமத்தில் இருக்கிறது. உள்ளே பாறைக்குழம்பு மேலேறினால் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் அடுக்கடுக்காக வரும். மலைச்சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவில் உப்பும். கருவிகள் அதைப் பதிவுசெய்கின்றன. அதை வைத்து நான்கு எச்சரிக்கை நிலைகளில் ஒன்றை அறிவிக்கிறார்கள். எல்லாவற்றிலும் உச்சமான நான்காவதற்கு 'அவாஸ்' என்று பெயர். நவம்பரில் அந்த வெடிப்பு நடந்த நள்ளிரவில்தான் மூன்றிலிருந்து நான்குக்கு உயர்த்தினார்கள். கருவி எத்தனை இருந்தாலும் மலை எப்போதும் அவகாசம் தருவதில்லை. அதனால்தான் விலகியிருக்க வேண்டிய தூரம் உயிர்நாடியான விஷயம். 2025 ஜூலை 7 அன்று சாம்பல் 18 கிலோமீட்டர் உயரம் எழுந்தபோது உயிர்ச்சேதம் இல்லாமல் போனதில், ஊர்கள் ஏற்கெனவே காலியாக இருந்ததற்குப் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

வெடிப்பு அடங்கிய பிறகும் சாம்பல் விடுவதில்லை. அடுப்புச் சாம்பல்போல ஊதினால் பறக்கும் பொருள் அல்ல அது, கண்ணாடியையும் பாறையையும் பொடித்த தூள். கண்ணில் பட்டால் அறுக்கும், மூச்சோடு நுரையீரலுக்குப் போகும், தொட்டித் தண்ணீரைக் கெடுக்கும். மழையில் நனைந்தால் கனத்துக் கூரையையே இறக்கிவிடும். பெருமழை பெய்தால் சரிவில் கிடக்கும் சாம்பலும் பாறையும் சேறாகப் பெருக்கெடுத்து ஓடை வழியே ஊருக்குள் வரும். 'எரிமலை அமைதியானது' என்று நீங்கள் செய்தியை முடிக்கும் நாளில் அவர்களுக்கு இந்தக் கவலை தொடங்குகிறது.

இன்னொன்று. எங்கோ வேறு நாட்டு எரிமலையின் செந்நிறக் குழம்புக் காட்சியை இந்தச் செய்திக்குப் பின்னால் ஓட்டாதீர்கள். மக்கள் பயப்பட வேண்டியது எதற்கு என்பதே மாறிவிடுகிறது. எரிமலை வாய்ப் பள்ளத்தின் விளிம்புவரை ஏறி வீடியோ எடுப்பவர்களைச் சாகச வீரர்களாகவும் காட்டாதீர்கள். நம் பிள்ளைகள் இப்போது இந்தோனேசிய மலைகளுக்கும் போகிறார்கள்.

எச்சரிக்கை நிலையும் விலகல் தூரமும் 'மாக்மா இந்தோனேசியா' தளத்தில் யாரும் பார்க்கும்படி வெளியாகின்றன. அடுத்த முறை விமானச் செய்திக்கு முன்னால், மலை எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை கிலோமீட்டருக்குள் போகக் கூடாது, முகாம்களில் எத்தனை பேர் என்ற மூன்றையும் சொல்லுங்கள். அரை நிமிடம் போதும்.

அன்புடன்,
உங்கள் நேயர்களில் ஒருவர்