1912-க்கு அடுத்து 1950 அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மொராக்கோ நாடகக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மொராக்கோ நாடக இயக்குநர் தையிப் சித்தீக்கி பற்றிய பகுதி அருமை. ஆனால் பிரெஞ்சு வல்லுநர்கள் வந்து பயிற்சி முகாம் நடத்தினார்கள், 1956-ல் பாரிஸ் விழாவில் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் நாடகத்துக்கு அரபு வேடம் கட்டிக் கைதட்டல் வாங்கினார்கள், அதோடு மொராக்கோவில் நாடகம் பிறந்துவிட்டது என்பது போலக் கட்டுரை போகிறது. முகம்மது அல்-குர்ரியின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. எனக்கு அது உறுத்தியது.

அல்-குர்ரி ஃபெஸ் நகரத்துக்காரர். அங்குள்ள பழம்பெரும் இஸ்லாமியக் கல்விக்கூடமான கராவியீனில் படித்தவர், கவிஞர், ஆசிரியர். அப்படி மார்க்கக் கல்வி கற்ற ஒருவர் நாடகத்துக்கு வந்ததே பெரிய விஷயம். 1923-ல் முகம்மது இஸ்ஸுத்தீனின் குழு வெளியிலிருந்து வந்து, சிலுவைப் போர்களில் ஜெருசலேமை மீட்ட சுல்தான் சலாஹுத்தீனின் கதையை மேடையேற்றியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் ஃபெஸ்ஸில் மாணவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து தாங்களே குழு அமைத்தார்கள். பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். இந்த இளைஞர்களுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அல்-குர்ரி.

அன்றைய நிலைமை தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். மொராக்கோவைப் பிரான்ஸும் ஸ்பெயினும் பங்கிட்டு ஆண்ட காலம் அது. பிரெஞ்சுப் பகுதியில் தேசியவாதிகள் அரபு மொழியில் பத்திரிகை நடத்த அனுமதி கிடைக்கவில்லை. 1933-ல் தேசியவாதத் தலைவர் முகம்மது ஹசன் அல்-வஸ்ஸானி ஃபெஸ்ஸில் தொடங்கிய பத்திரிகைகூடப் பிரெஞ்சு மொழியில்தான் வந்தது. சொந்த ஊரில் சொந்த மொழியில் எழுத முடியாத கொடுமை! 1930-ல் பெர்பர் இன மக்களை இஸ்லாமியச் சட்டத்திலிருந்து பிரிக்கும் பெர்பர் ஆணை வந்தபோது மக்கள் பள்ளிவாசல்களில் கூடி ‘யா லத்தீஃப்’ (கருணையுள்ள இறைவா) என்று ஓதித்தான் எதிர்ப்பைக் காட்டினார்கள். பள்ளிவாசலை விட்டால், கூட்டத்துக்கு முன்னால் நின்று நல்ல அரபியில் உரக்கப் பேச மிஞ்சியது நாடக மேடை ஒன்றுதான்.

அவருடைய நாடகங்களில் ஒன்றின் பெயர் ‘கவனிப்பாரற்ற அநாதை’, இன்னொன்று ‘பாதுகாவலர்கள்’. 1912 ஃபெஸ் ஒப்பந்தத்துக்குப் பின் பிரான்ஸ் தன் ஆட்சிக்கு வைத்துக்கொண்ட பெயரே ‘பாதுகாப்பு’ என்பதுதானே! அந்தத் தலைப்பைக் கேட்ட ஃபெஸ்வாசிகளுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

1937 செப்டம்பரில் மெக்னெஸ் நகரில் பூஃபெக்ரான் ஆற்று நீரைப் பிரெஞ்சுக் குடியேறிகளின் பண்ணைகளுக்குத் திருப்பியதை எதிர்த்து ஊரே தெருவுக்கு வந்தது. படை சுட்டது, உயிர்கள் போயின. அக்டோபரில் தேசிய இயக்கத் தலைவர் அல்லால் அல்-ஃபாசியைப் பிடித்து காபோனுக்கு நாடு கடத்தினார்கள். அவர் திரும்பிவர ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஃபெஸ்ஸில் கிளம்பிய எதிர்ப்பை அடக்கும்போது கைதானவர்களில் அல்-குர்ரியும் ஒருவர். அட்லஸ் மலைக்கு அப்பால், தென்கிழக்கில் பேரீச்சை மரங்கள் சூழ்ந்த குல்மிமாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்த சித்திரவதையில் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனார். மொராக்கோ நாடகத்தின் தியாகி என்று அங்கே அவரைச் சொல்வது சும்மா அலங்காரத்துக்காக அல்ல.

ஐம்பதுகளின் பயிற்சி முகாம்களால் பயன் விளைந்ததை நான் மறுக்கவில்லை. நல்ல நடிகர்கள் அங்கிருந்து வந்தார்கள், சரி. ஆனால் அவற்றை நடத்தியதும் அதே ‘பாதுகாப்பு’ ஆட்சியின் துறைதான். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நாடகம் எழுதிய ஒருவரைச் சிறையில் சாகவிட்ட ஆட்சி. கட்டுரையாளர் இதைத் தெரிந்தே விட்டாரா, பிரெஞ்சு நூல்களை மட்டும் பார்த்து எழுதியதால் விட்டுப்போனதா, அவரேதான் சொல்ல வேண்டும்.

கட்டுரையோடு நீங்கள் தந்திருந்த கால அட்டவணையில் 1912-க்கு அடுத்த வரி 1950 என்று இருக்கிறது. இணையப் பதிப்பிலாவது இடையில் 1923, 1937 என்று இரண்டு வரிகளைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தஞ்சாவூர்.