நான்காம் நிமிடத்தில் அறுபடும் ஆட்டங்கள்: ஒரு சந்தாதாரரின் புகார்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர் ஒருவர், பாளையங்கோட்டை, திருநெல்வேலி.
(பெயர், சந்தா எண், ரசீது ஆகியவை இணைப்பில்.)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு, சென்னை அலுவலகம்.

பொருள்: பெண்கள் தொழில்முறை மல்யுத்தத் தொகுப்பில் ஆட்டங்கள் வெட்டப்பட்டிருப்பதும் ரசிகர்களின் குரல் நீக்கப்பட்டிருப்பதும் குறித்து.

ஐயா / அம்மையீர்,

கடந்த தீபாவளிச் சலுகையின்போது 1,499 ரூபாய் கட்டித் தங்கள் செயலியின் சந்தாதாரர் ஆனேன். கிரிக்கெட்டுக்காக அல்ல. ‘உலகப் பெண்கள் மல்யுத்தம், தமிழ் வர்ணனையுடன், முழு ஆட்டங்கள்’ என்று விளம்பரம் செய்திருந்தீர்கள். ‘முழு’ என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்த விளம்பரத்தின் படமும் இணைப்பில் இருக்கிறது.

நான் முதலில் தேடிய ஆட்டம் 1985 ஆகஸ்ட் 28 அன்று ஒசாகா நகரில் சிகுசா நாகயோவும் டம்ப் மட்சுமோட்டோவும் மோதியது. தோற்பவர் அரங்கிலேயே மொட்டை அடித்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. நாகயோ, லயனஸ் அசுகாவுடன் சேர்ந்து ‘கிரஷ் கேல்ஸ்’ என்ற ஜோடியாக ஜப்பானியப் பள்ளிச் சிறுமிகளின் உயிராக இருந்தவர். மட்சுமோட்டோ முகமெல்லாம் சாயம் பூசி, கையில் சங்கிலியோடு வரும் வில்லி. நாகயோ தோற்றார். ரிங்கின் நடுவில் அவர் தலைமுடி இறங்கியபோது அரங்கு முழுவதும் இருந்த சிறுமிகள் கதறினார்கள். அந்த ஆட்டத்தை ஆட்டமாக்கியதே அந்தக் கதறல்தான். முடிவு முன்பே பேசிவைக்கப்பட்டது என்பது எனக்கும் தெரியும். துரியோதனன் விழப்போகிறான் என்று தெரிந்தே விடிய விடியக் கூத்துப் பார்க்க உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்களிடம் போய் ‘இது நடிப்பு’ என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

தங்கள் தொகுப்பில் அந்தக் கதறல் இல்லை. அந்த இடத்தில் ஏதோ பறை போன்ற ஓசையைப் போட்டு நிரப்பியிருக்கிறீர்கள். அதற்கும் மேலே தங்கள் வர்ணனையாளர் சிரித்தபடியே, “முடி போய்விட்டதே, இனி இந்தப் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்?” என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். “இவர் எதற்கு அம்மா நடுவில் பேசுகிறார்?” என்று கேட்டாள். அவளுடைய கேள்வியை மாற்றாமல் தங்களுக்கு அனுப்புகிறேன்.

இதைப் பொறுத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனேன். நான்காம் நிமிடத்தில் ஒரு விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்ததும் திரையில் வேறு ஏதோ ஆண்கள் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தவறுதலாகத் தொட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். மறுபடியும் நான்காம் நிமிடம், விளம்பரம், ஆண்கள் ஆட்டம். என் கைப்பேசியில், அண்ணன் வீட்டுத் தொலைக்காட்சியில், அலுவலகக் கணினியில் என மூன்று கருவிகளில் சோதித்தேன் (அலுவலகத்தில் மதிய உணவு இடைவேளையில்தான்). பெண்கள் பிரிவில் நான் பார்த்த பதினோரு ஆட்டங்களில் எட்டு இப்படி அறுந்தன. ஆண்கள் பிரிவில் ஒன்றுகூட அறுபடவில்லை.

இதை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து வந்த பதிலில் ஒரு வரி இருந்தது: ‘பெண்கள் மல்யுத்தக் காணொளிகளை வாடிக்கையாளர்கள் இறுதிவரை பார்ப்பதில்லை எனத் தரவுகள் காட்டுவதால், அவற்றைச் சுருக்கி வழங்குகிறோம்.’ பார்க்கவிடாமல் நடுவில் தூக்கி வேறு இடத்தில் போடுவதும் தாங்கள்தான், யாரும் பார்ப்பதில்லை என்று கணக்கு எழுதுவதும் தாங்கள்தான். கடைக்குள் நுழைந்தவரைப் பின்வாசல் வழியாக வெளியே தள்ளிவிட்டு, ‘யாரும் வாங்குவதில்லை’ என்று சொல்லும் வியாபாரியை எங்கள் ஊர்ச் சந்தையில்கூட நான் கண்டதில்லை.

தாங்கள் விற்கும் தொகுப்பிலேயே இந்தச் சாக்கின் முழு வரலாறும் இருக்கிறது. யாரும் பார்க்காமல் விட்டதுதான் வருத்தம்.

ஜப்பானின் அனைத்து ஜப்பான் பெண்கள் மல்யுத்த நிறுவனத்தின் ஆட்டங்களை ஃபூஜி தொலைக்காட்சி மாலை வேளையில் காட்டியபோதுதான் பள்ளிச் சிறுமிகள் திரண்டார்கள். ரிங்குக்குள் வண்ணக் காகிதச் சுருள்களை வீசிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள். பிறகு என்ன ஆயிற்று? 25 வயதானால் ஓய்வு என்பது அந்த நிறுவனத்தின் எழுதப்படாத விதி. நாகயோவும் அசுகாவும் 1989இல் வெளியேறினார்கள். ஒளிபரப்பும் பின்னிரவுக்குப் போனது. பின்னிரவில் எந்தப் பள்ளிச் சிறுமி விழித்திருப்பாள்? கூட்டத்தில் ஆண்கள் பெருகினார்கள், சிறுமிகள் குறைந்தார்கள். சிறுமிகளுக்கு அலுத்துவிட்டது என்று சொன்னவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அப்படியும் 1994 நவம்பர் 20 அன்று அதே நிறுவனம் டோக்கியோ டோம் அரங்கில் பெண்களை மட்டுமே வைத்து ஒரு பெருநிகழ்ச்சி நடத்தியது. அமைப்பாளர்கள் அறிவித்த கூட்டம் 42,500. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப் நிறுவனத்தின் பெண்கள் பட்டத்தை அமெரிக்க வீராங்கனை அலுண்ட்ரா பிளேஸிடமிருந்து ஜப்பானின் புல் நகானோ கைப்பற்றியதும் அந்த மேடையில்தான். பிறகு அலுண்ட்ரா அதை மீட்டார். ஆனால் அமெரிக்க நிறுவனம் அவரை வேலையிலிருந்து விடுவித்தது. 1995 டிசம்பர் 18 அன்று போட்டி நிறுவனத்தின் நேரலையில் தோன்றிய அவர், அந்தப் பட்டத்துக்கான பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். டோக்கியோவில் அத்தனை பேர் எழுந்து நின்று பார்த்த பெல்ட் அது. இடையில் பதின்மூன்று மாதம் முடிய இரண்டு நாள் பாக்கி. அதன்பின் 1998 வரை அந்தப் பட்டத்துக்கு ஆளே இல்லை. ரசிகர்களா அதைத் தூக்கி எறிந்தார்கள்?

தங்கள் தொகுப்பில் அந்த டோக்கியோ ஆட்டம் இரண்டரை நிமிடம். தலைப்பு ‘அழகிகளின் மோதல்’. புல் நகானோவின் மிரட்டும் முகத்தை ஒரு முறை பார்த்திருந்தால்கூட அந்தத் தலைப்பை வைத்தவர் வெட்கப்பட்டிருப்பார்.

அமெரிக்கக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் ஆட்டம் வந்தால் கழிப்பறைக்குப் போகும் நேரம் என்று அங்கே ரசிகர்களே கேலி பேசிய காலம் உண்டு. எங்கள் வீட்டிலும் தம்பி அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடிக்க எழுந்து போவான், நான் உட்கார்ந்திருப்பேன். 2015 பிப்ரவரி 23 அன்று டபிள்யூ.டபிள்யூ.இ (டபிள்யூ.டபிள்யூ.எஃப்பின் இன்றைய பெயர்) நிகழ்ச்சியில் நான்கு பெண்கள் மோதிய ஆட்டம் ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்தது. அன்றிரவு, இவர்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று ரசிகர்கள் இணையத்தில் எழுப்பிய குரல் உலகம் முழுக்கக் கேட்டது. அடுத்த ஆண்டு, அங்கே மல்யுத்தப் பெண்களை அழைத்துவந்த ‘திவா’ என்ற பட்டப்பெயரே கைவிடப்பட்டது. 2019 ஏப்ரல் 7 அன்று அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் கடைசி, அதாவது முக்கிய ஆட்டத்தைப் பெக்கி லிஞ்ச், ரோண்டா ரௌஸி, ஷார்லட் ஃபிளேர் என்ற மூன்று பெண்கள் ஆடினார்கள். நான்கு ஆண்டுகளில் ரசிகர்களுக்குப் புதிதாகக் கண் முளைத்துவிடவில்லை. பெண்களுக்கு நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். அதுவும் சீராகக் கிடைக்கவில்லை: 2018இல் பெண்கள் மட்டும் ஆடிய நிகழ்ச்சி ஒன்றை நடத்திய அந்த நிறுவனம், அதன் இரண்டாம் பதிப்பை நடத்த 2025 ஜூலை வரை எடுத்துக்கொண்டது.

ஆகவே ‘பார்ப்பவர் இல்லை’ என்ற பதிலை நான் ஏற்கவில்லை.

எனக்கு வேண்டியவை இவை. ஆட்டங்கள் வெட்டப்படாமல் கிடைக்க வேண்டும். தமிழ் வர்ணனை இருக்கட்டும். ஆனால் அதை நிறுத்திவிட்டு அரங்கின் அசல் ஒலியை மட்டும் கேட்க ஒரு வசதி வேண்டும். நான்காம் நிமிடத் தாவல் நீக்கப்பட வேண்டும். ‘அழகிகள்’ என்ற சொல் தலைப்புகளிலிருந்து போக வேண்டும். 30 நாட்களுக்குள் இவை நடக்காவிட்டால் 1,499 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். சலுகைக் கூப்பனாக வேண்டாம். இரண்டும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். மனு எழுதித் தயாராகவே இருக்கிறது.

இப்படிக்கு,
ஆண்டுச் சந்தாதாரர்

பின்குறிப்பு: மொட்டையடிக்கப்பட்ட நாகயோ 1986 நவம்பர் 7 அன்று அதே ஒசாகா அரங்கில் மட்சுமோட்டோவை மறுபடி சந்தித்தார். இம்முறை முடி இழந்தவர் மட்சுமோட்டோ. தங்கள் பட்டியலில் அந்த ஆட்டத்துக்கு எதிரே ஐந்து மாதமாக ‘விரைவில்’ என்று இருக்கிறது. முதல் ஆட்டத்தைப் பார்த்த என் மகள், அழுத அந்த அக்காக்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று தினமும் கேட்கிறாள். முடிவை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த ‘விரைவில்’ எந்தத் தேதி என்பதையாவது உடனே தெரிவிக்கவும்.