பாப்பா, ஜின் கலக்குறதுக்கு முன்னாடி இத படிச்சிரு

பாப்பா,

வீட்டுக்கு வாரவங்களுக்கு என்ன டிரிங்க் கலக்கிக் குடுக்கலாம்னு போன்ல நீ கேட்டதுக்கு பாதிதான் பதில் சொன்னேன், அம்மா வேற எல்லாத்தையும் எழுதியே அனுப்புங்க அவ பாத்து பாத்து செய்யட்டும்னு சொல்லிட்டா, அதான் டைப் பண்ணுதேன். கிறிஸ்மஸ்ல ஆரம்பிச்சு ஹாக்மனே, அதான் உங்க ஸ்காட்லாந்து புது வருஷக் கொண்டாட்டம், முடியுற வரைக்கும் உன் வீட்டுக்கு ஆளு வந்துக்கிட்டேதான் இருப்பாங்க, அதனால பெரிய பார் மாதிரி பத்து வகை செய்யப் பாக்காத, ரெண்டு இல்லன்னா மூணு, அத ஒழுங்கா செய்யி.

பாட்டிலுக்கு காச கொட்டாத. கப்பல் பார்ல இத்தன வருஷம் நின்னவன் சொல்லுதேன், டிரிங்க் நல்லாருக்கா இல்லையாங்கிறது ஐஸுலயும் அளவுலயும்தான் இருக்கு. ஜின் பாட்டில் லேபிள்ல லண்டன் டிரைன்னு போட்டிருந்தா வடிச்சதுக்கு அப்புறம் கலரோ சுவையோ சேக்கலன்னு அர்த்தம், அது போதும். டாங்கரே, கார்டன்ஸ்னு ரெண்டு ஜின் பிராண்டும் உனக்கு பக்கத்துலதான், எடின்பரோவுக்கு எதுக்க கடலுக்கு அந்தப் பக்கம் ஃபைஃப்ல, கேமரன்பிரிட்ஜ்ல காய்ச்சுதாங்க, ரெண்டுல எது ஆஃபர்ல கிடைக்குதோ வாங்கு.

ஐஸு கிளாஸ் நிறைய போடணும். தண்ணியாகிருமேன்னு பயந்து ரெண்டு கட்டி மட்டும் போடுவாங்க, அதுதான் சீக்கிரம் கரையும், நிறைய இருந்தா ஒண்ணோட ஒண்ணு சேந்து குளிர்ச்சிய விடாம பிடிச்சுக்கும். வீட்டு ட்ரே ஐஸு பத்தவே பத்தாது, சூப்பர்மார்க்கெட்ல பைல விக்கிறத வாங்கி வை. ஜின் பாட்டிலையும் ஃப்ரீசர்லயே போடு, 40 சதவீதம் உள்ளது வீட்டு ஃப்ரீசர்ல உறையாது. அப்புறம் ஒரு ஜிக்கர், அதான் அளந்து ஊத்துற சின்ன கப், வாங்கிரு பாப்பா, கண்ணளவு வேண்டாம். நம்ம ஊரு ஸ்மால் 30 மில்லி, உங்க ஊர்ல சிங்கிள் 25, இந்தியாக்காரங்க வீட்டு பார்ட்டில இந்தக் கணக்கு எப்பவும் கூடத்தான் போகும்.

நீ செய்ய வேண்டியது கிம்லெட். இத நான் வேணும்னேதான் சொல்லுதேன், ஏன்னா இது கப்பல்காரங்க டிரிங்க், அதுக்கு வேண்டிய லைம் கார்டியல், அதான் சக்கர சேத்த லைம் ஜூஸ், பொறந்ததும் உன் ஊர்தான். நீ சாயங்காலம் நடக்கப் போற லீத் துறைமுகம் இருக்கில்ல, அங்க லாக்லன் ரோஸ்னு ஒருத்தரு சாராயம் சேக்காம சக்கர போட்டே லைம் ஜூஸ கெடாம வைக்கிற முறைய 1867ல பேடண்ட் பண்ணாரு. அதே வருஷம்தான் சரக்குக் கப்பல்ல மாலுமிங்களுக்கு லைம் ஜூஸ் கண்டிப்பா குடுக்கணும்னு பிரிட்டிஷ் சட்டம் வந்துச்சு, ஸ்கர்வி வந்து ஈறு வீங்கி பல்லு கொட்டி ஆளே செத்துப் போற காலம் அது. அந்த ஜூஸ அதிகாரிங்க ஜின்னோட சேத்து குடிச்சதுலதான் கிம்லெட் வந்துச்சுன்னு கப்பல்ல எங்க சீனியருங்க சொல்லுவாங்க.

ரோஸஸ் பாட்டில் கடைலயே கிடைக்கும், ஆனா வீட்ல செஞ்சது தனி. மஞ்ச லெமன் வேண்டாம், பச்ச லைம் ஏழெட்டு வாங்கி கழுவி, தோல பச்சையா மட்டும் சீவு, உள்ள உள்ள வெள்ள வந்துச்சுன்னா கசக்கும். அந்தத் தோல 200 கிராம் சக்கரைல போட்டு கையால நல்லா பிசைஞ்சு மூடி வச்சிரு, காலைல தொறந்தா சக்கர ஈரமாயி பச்ச வாசம் அடுப்படி முழுக்க அடிக்கும். அதுல பழத்தோட ஜூஸ் 200 மில்லி ஊத்தி சக்கர கரையுற வரைக்கும் கிண்டி வடிகட்டி ஃப்ரிட்ஜ்ல வை, அடுப்புல வைக்கவே கூடாது, ஒரு வாரத்துக்குள்ள தீத்துரு. ஒரு ஆளுக்கு ஜின் 50 மில்லி, கார்டியல் 20 மில்லி, ஷேக்கர் நிறைய ஐஸு, ஷேக்கர் வெளிய பனி பூக்குற வரைக்கும் குலுக்கி சின்ன கிளாஸ்ல வடிச்சு குடு.

கூட்டம் ஜாஸ்தின்னா நெக்ரோனிய முன்னாடியே கலந்து வச்சிரலாம். ஜின், காம்பாரிங்கிற கசப்பான சிவப்பு மது, ஸ்வீட் வெர்மூத்ங்கிற மூலிகை போட்ட இனிப்பு ஒயின், மூணும் 200, 200, 200 மில்லி, அதோட தண்ணி 120 மில்லி, ஐஸ்ல கிண்டும்போது கரையுற தண்ணிக்கு பதிலா அது. சரியா ஒரு ஒயின் பாட்டில்ல அடங்கும், ஃப்ரிட்ஜ்ல வச்சு ஆறு கிளாஸா ஊத்து, ஆரஞ்சு தோல கிளாஸுக்கு மேல பிழிஞ்சு உள்ள போடு. மிச்ச வெர்மூத்த ஷெல்ஃப்ல வைக்காத, அது ஒயின் ஜாதி, ஃப்ரிட்ஜ்லதான் இருக்கணும்.

மூணாவதா ஜின் அண்ட் டானிக், அதுக்கு டானிக் வாட்டர் பெரிய பாட்டில் வேண்டாம், கேஸ் போயிரும், சின்ன கேன் வாங்கு, ஒரு பங்கு ஜின்னுக்கு மூணு பங்கு. அதுல உள்ள கசப்பு கொயினா, சின்கோனா பட்டைல இருந்து வாரது, நம்ம நீலகிரில நடுவட்டத்துல வெள்ளக்காரன் தோட்டமே போட்டிருந்தான், மாப்பிள்ளைக்கு இத சொல்லு, அவரு சொந்த ஊரு பக்கந்தான.

மாப்பிள்ள குடிக்க மாட்டாரு, உன் ஃப்ரெண்டு ஒருத்தி முழுகாம இருக்கான்னும் சொன்ன. அவங்களுக்கு பிளாஸ்டிக் கப்ல கோக் ஊத்திக் குடுக்காத பாப்பா, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அதே லைம் கார்டியல்ல சோடா, அதே நல்ல கிளாஸ், ஒரு ரோஸ்மேரி குச்சி, மொத ட்ரேல அவங்க கிளாஸும் சேந்தே போகணும்.

வண்டி ஓட்டி வாரவங்கள வாசல்லயே கேட்டுரு. ஸ்காட்லாந்துல 2014 டிசம்பர்ல இருந்து வண்டி ஓட்டுறவங்களுக்கு 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் லிமிட், இங்கிலாந்துல 80, அங்கருந்து வாரவங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது. உங்க ஊர்ல 10 மில்லி சுத்த ஆல்கஹால ஒரு யூனிட்னு கணக்கு பண்ணுவாங்க, நெக்ரோனி ஒரு கிளாஸே ரெண்டரை யூனிட்டுக்கு மேல வரும், ராத்திரி குடிச்சது காலைலயும் உடம்புல இருக்கலாம், சாவிய வாங்கி வச்சு படுக்க வச்சிரு.

வெறும் வயித்துல யாருக்கும் குடுக்காத, மொதல்ல கட்லெட் வரட்டும் அப்புறம் கிளாஸ். கார்டியல் வடிச்ச உடனே ஒரு போட்டோ அனுப்பு, கலர பாத்தே தோல எப்படி சீவிருக்கன்னு சொல்லிருவேன்.

அப்பா