எதிர் அறை அம்மாவுக்கு நன்றி

கப்பலில் எங்கள் எதிர் அறையில் பயணம் செய்த அம்மா, உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ள வாய்க்கவில்லை. இந்த நன்றி உங்களுக்குத்தான்.

பாதுகாப்புப் பயிற்சியில் உயிர்காப்பு உடுப்பைக் கண்டதுமே என் ஒன்றரை வயது மகள் வீறிட்டாள். நீங்கள் அதிலிருந்த விசிலை அவள் வாயருகே பிடித்தீர்கள். அவள் ஊத முயன்று எச்சிலாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வாரைப் பூட்டிவிட்டீர்கள். குழந்தைகளுக்கென்று சிறிய அளவு தனியாக உண்டு என்று சொல்லி, பணியாளரிடம் கேட்டு வாங்கித் தந்ததும் நீங்கள்தான்.

டயப்பர் அணியும் குழந்தைகளைப் பெரும்பாலான கப்பல்களில் நீச்சல் குளத்தில் இறங்க விடுவதில்லை. பணியாளர்கள் குழந்தைகளை விளையாட வைத்துப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் மன்றமும் பலவற்றில் 3 வயதிலிருந்துதான். (விளம்பரப் படங்களில் மட்டும் எல்லாக் குழந்தைகளும் தண்ணீரில்தான் இருக்கின்றன!) குளத்தைக் காட்டி அவள் அடம்பிடித்தபோது, இரண்டு காகிதக் கோப்பைகளில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி விளையாட்டுக் காட்டினீர்கள். அதற்குள் நானும் கணவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஆறாத சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தோம். குழந்தை வைத்திருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அலை பெரிதான இரவில் அவள் அயர்ந்து தூங்கினாள், குமட்டல் எனக்குத்தான். அப்போதும் இஞ்சி மிட்டாயோடு கதவைத் தட்டினீர்கள்.

இறங்கும்போது கூட்டத்தில் உங்களைத் தேடினோம், காணவில்லை. இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள் அம்மா.