மருந்து போகும் வழியைப் படுவான்கரைக்கும் வந்து ஆராயுங்கள்

தோல் வழியாகவும் சுவாசப்பை வழியாகவும் மருந்து செலுத்தும் முறைகளை ஆராயும் பல்கலைக்கழக மருந்தாளர்களுக்கும், மட்டக்களப்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு நகரில் உள்ள ஒரு பாமசியில் 20 ஆண்டுகளாக மருந்து கொடுத்து வருபவன் நான். இந்த மடலை எழுத வைத்தது என் வீட்டிலேயே நடந்த ஒரு விடயம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் இருக்கும் என் அப்பாவுக்கு நெடுங்காலமாக முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உண்டு. ஒரு கிளினிக்கில் அவருக்குத் தூள் மருந்து அடங்கிய கெப்சியூல்களையும், அவற்றை வைத்துத் தூளை மூச்சோடு இழுப்பதற்கான சிறு கருவியையும் கொடுத்திருக்கிறார்கள். சனம் நெருக்கியடித்த அந்தக் காலையில் இழுக்கும் விதத்தைச் செய்துகாட்ட எவருக்கும் நேரம் இருக்கவில்லை. மார்கழி மழைக்குள் நான் வீட்டுக்குப் போனபோது, அவர் அந்தக் கெப்சியூலைக் குளிசை விழுங்குவது போலத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார். கருவி உறை பிரிக்கப்படாமல் சாமித்தட்டில் இருந்தது. மூன்று கிழமையாக ஒரு துளி மருந்தும் இழுத்து உள்ளே போகவில்லை. ஊருக்கெல்லாம் மருந்து விளக்கம் சொல்லும் நான் அவரிடம் ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டும் என்ற வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

மிச்சமிருந்த கெப்சியூல்களை அவர் அட்டையிலிருந்து பிரித்து, மூடி சரியாகப் பொருந்தாத ஒரு ரின்னில் போட்டு வைத்திருந்தார். ஒன்றை உள்ளங்கையில் திறந்து பார்த்தேன். ஊதினால் புகை போல எழும்ப வேண்டிய தூள், மழைக்காலத்து உப்பைப் போலக் கட்டிபட்டுக் கிடந்தது. சுவாசப்பையின் ஆழம்வரை போக மருந்துத் துணிக்கை ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரோமீற்றர் அளவில் இருக்க வேண்டும் என்பதும், அதைவிடப் பெரியவற்றில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் மோதி நின்றுவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்தவை. இத்தகைய தூள்கள் பலவற்றில் அந்த நுண்துணிக்கைகள் பாற்சீனியான லக்டோஸ் மணிகளில் ஒட்டியிருந்து, நோயாளி வேகமாக இழுக்கும் மூச்சின் விசையில்தான் கழன்று பறக்கின்றன. ஈரம் பிடித்தால் அவை கழலுவதில்லை. வெப்பமும் ஈரப்பதனும் மிக மிகுந்த நாடுகளுக்கான நீண்டகால உறுதிநிலைச் சோதனை, அதாவது மருந்து கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, 30 பாகை செல்சியஸிலும் 75 வீத ஈரப்பதனிலும் நடத்தப்படுகிறது. ஆனால் அது உறை பிரிக்காத மருந்துக்குச் செய்யப்படும் சோதனை. வாவிக்கரையில், தகரக் கூரையின் கீழ், பிரித்துப் போட்ட கெப்சியூல் என்ன ஆகிறது என்பதை இங்கே வந்துதான் அளந்து பார்க்க முடியும்.

நாங்கள் பம்ப் என்று சொல்லும், அளந்து விசிறும் கருவி 1956இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் அதை அழுத்தும் கணமும் மூச்சை இழுக்கும் கணமும் ஒத்து வராவிட்டால் மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகிறது. பம்ப்புக்கு மெதுவாக, ஆழமாக இழுத்து, 10 வினாடியளவு மூச்சை அடக்க வேண்டும். தூள் கருவிக்கோ விசையாக இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பையில் வைத்திருக்கும் வயதானவர் எதை எப்படி இழுப்பார்? ‘இழுத்துக் காட்டுங்கள் அம்மா’ என்று நான் கேட்டவர்களில் பலருக்கு வாயோரத்தால் வெள்ளைப் புகையாக வெளியேறியதைக் கண்டிருக்கிறேன். அது வீணாகும் மருந்து. வெட்டுக்காலத்தில் நெற்சுனையும் தூசியும் சேர்ந்து மூச்சு முட்டும்போது, மருந்து வேலை செய்யவில்லை என்று மருந்தைத்தான் குறை சொல்வார்கள்.

தோல் வழி மருந்தைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். தோலின் மிக வெளிப்புறப் படை ஒரு கடதாசித் தாளைவிட மெல்லியது; ஆயினும் 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறின் நிறையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகளை அது எளிதில் உள்ளே விடுவதில்லை. ஏறத்தாழ 5800 டால்டன் கொண்ட இன்சுலினைத் தோலில் ஒட்டிக் கொடுக்க முடியாமைக்கு இதுவே முக்கிய காரணம். பயணக் குமட்டலுக்கான முதல் ஒட்டு மருந்துக்கு 1979இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பின்னர் இத்துறை வெகுதூரம் வளர்ந்திருக்கிறது. ஆனால் நாள் முழுதும் வயலில் வியர்த்து நிற்பவரின் உடலில் ஒட்டு எவ்வளவு நேரம் நிற்கும்? சூடுபட்டால் சில ஒட்டுகளிலிருந்து மருந்து அளவுக்கு மீறி உட்செல்லும் என்பதால், வலிநிவாரணி ஒட்டுகள் விடயத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாகிறது.

ஆகவே உங்கள் ஆய்வின் ஒரு பகுதியையாவது வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை போன்ற இடங்களின் வீடுகளில், அங்குள்ளவர்களின் மூச்சையும் வியர்வையையும் கணக்கில் எடுத்து நடத்துங்கள். அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் துளையிட்டு, பம்ப்பை இறுக்கமாகப் பொருத்தினால், முட்டு வந்த பிள்ளைகளுக்கு அது பம்ப்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் விலைகூடிய இடைக்குழாய்க்கு இணையாக உதவும் என்று தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1999இல் காட்டினார்கள். எங்கள் கிளினிக்குகளுக்கு ஏற்றது அத்தகைய ஆய்வுதான்.

பணிப்பாளர் அவர்களே, கிளினிக் நாட்களில் மருந்து கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரையும், மருந்தில்லாத பயிற்சிக் கருவிகளும், நோயாளி இழுப்பதைப் பார்த்துத் திருத்த ஒருவரும் இருந்தால் போதும். வரும் பெரும்போக வெட்டுக்கு முன்னர் ஓரிடத்திலாவது இதைத் தொடங்கினால், என் விடுமுறை நாட்களில் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நிற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
மட்டக்களப்பு மருந்தாளர் ஒருவர்