கைவிடும் பெட்டிகளைத் திறந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்: பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு பயனீட்டாளர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

வீட்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் வைக்கும் சிறிய சேமிப்புப் பெட்டிகளைப் பற்றி எழுதுகிறேன். கடையில் ‘நாஸ்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க் இருக்கும். வீட்டிலுள்ள எல்லாரும் கைப்பேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் அதில் படங்களைப் போட்டு வைக்கலாம். கல்யாணப் படங்கள், தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் எடுத்த காவடிப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், இன்று உயிரோடு இல்லாத ஒருவரின் குரல் என்று மறுபடி கிடைக்காதவைதான் பெரும்பாலும் அதில் இருக்கின்றன. இந்தப் பெட்டிகளைச் செய்த நிறுவனங்கள் சில ஆண்டுகளில் அவற்றுக்கு அப்டேட் தருவதை நிறுத்திவிடுகின்றன. அப்படி நிறுத்தும் நாளில், வாங்கியவர் தன் விருப்பப்படி அதில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ளும் வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அவர்கள் ஒதுங்க வேண்டும். இதற்காக நீங்கள் குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இந்த மடல்.

அரிசி, எண்ணெய், வாடகை பற்றிய புகார்களுக்கு நடுவே இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. பட்டர்வொர்த்தில் அக்கம்பக்கத்தாரின் கணினிகளைப் பார்த்துக் கொடுக்கிறவன் நான். என்னிடம் வரும் பழைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் கொடுத்தால் ஒழுங்காகவே ஓடுகின்றன. செயலி நன்றாக இருக்கிறது, டிஸ்க் நன்றாக இருக்கிறது. கெட்டுப்போனது, பெட்டியை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற பழைய மென்பொருள் மட்டுமே. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அக்கா தன் பெட்டியைக் கொண்டுவந்தார். புது விண்டோஸ் கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கடையில் “பெட்டி செத்துவிட்டது, புதுசு வாங்குங்கள்” என்றார்களாம். செத்ததெல்லாம் ஒன்றுமில்லை. அந்தப் பெட்டிக்கு எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறை மட்டும்தான் தெரியும். 2017-இல் வான்னாக்ரை என்ற தாக்குதல் அந்த முறையின் ஓட்டை வழியாகத்தான் உலகமெங்கும் பரவியது. அதே ஆண்டிலிருந்து வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் அந்த முறை தானாக நிறுவப்படுவதில்லை. பெட்டியில் புதிய லினக்ஸும், கோப்புகளைப் பகிரும் சாம்பா என்ற நிரலின் புதிய பதிப்பும் ஏற்றியதும் அக்காவின் படங்கள் எல்லாம் திரையில் வந்தன.

அப்டேட் இல்லாத பெட்டியை அப்படியே ஓடவிடுவதில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் பெட்டிகளுக்குள் யாரோ இணையம் வழியாகப் புகுந்து, கடையிலிருந்து வந்த நாள் போல அவற்றைத் துடைத்துவிட்டார்கள். உலகமெங்கும் பலருடைய கோப்புகள் ஒரே நேரத்தில் போயின. அந்தப் பெட்டிக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015-இல். இரண்டாவது 2024 ஏப்ரலில். டி-லிங்க் நிறுவனத்தின் டிஎன்எஸ்-320எல், 325, 327எல், 340எல் பெட்டிகளில் கடவுச்சொல்லே இல்லாத ஒரு பயனர் கணக்கு ஃபர்ம்வேரிலேயே பொதிந்திருப்பது வெளியே வந்தது. அதன் வழியாக வெளியாள் யாரும் பெட்டிக்குள் கட்டளைகளை இயக்க முடியும். 92,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் இணையத்தில் திறந்து கிடப்பதாகக் கண்டுபிடித்தவர் சொன்னார். காலம் முடிந்த பெட்டிகள், திருத்தம் வராது, மாற்றிவிடுங்கள் என்பதுதான் நிறுவனத்தின் பதில்.

அதே ஆண்டு ஜூனில் ஸைக்செல் நிறுவனத்துக்கும் இதே நிலைமை வந்தது. அதன் நாஸ்326, நாஸ்542 பெட்டிகளின் ஆதரவுக் காலம் 2023 டிசம்பரிலேயே முடிந்திருந்தும், மோசமான ஓட்டைகளுக்குத் திருத்தம் வெளியிட்டார்கள். மனம் வைத்தால் முடிகிற வேலைதான்.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் ஒரு முழு லினக்ஸ் கணினிதான். 2004-இல் வந்த லிங்க்சிஸ் என்எஸ்எல்யூ2-வில் 32 எம்பி ரேமும், மின்சாரம் நின்றாலும் அழியாத 8 எம்பி ஃபிளாஷ் நினைவகமும்தான் இருந்தன. அவ்வளவு சிறிய பெட்டிக்கே டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் 2007-இல் வந்த 4.0 பதிப்பு நிறுவும் நிரலோடு வந்தது. டிஎன்எஸ்-325-இல் 1.2 ஜிகாஹெர்ட்ஸ் மார்வெல் கிர்க்வுட் செயலியும் 256 எம்பி ரேமும் இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் படங்களைப் பாதுகாத்துப் பகிர அது தாராளம்.

லினக்ஸ் ஏற்றும் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இது ஏதோ கள்ளத்தனமான வேலை என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால், உள்ளே மின்சுற்றுப் பலகையின் ஓரத்தில் பெரும்பாலும் நான்கு ஊசிகளோ நான்கு துளைகளோ வரிசையாக இருக்கும். தொழிற்சாலையில் பெட்டியைச் சோதிக்க வைத்த சீரியல் முனை அது. 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்று வேண்டும், மலிவான பொருள்தான். தரைக் கம்பி, அனுப்பும் கம்பி, பெறும் கம்பி மூன்றையும் இணைத்தால் போதும். அந்தக் கேபிளில் இருக்கும் மின்சாரக் கம்பியை மட்டும் இணைக்கவே கூடாது. பழைய கணினியின் பின்புறமுள்ள சீரியல் முனையில் நேராகச் செருகினால் அதன் கூடுதல் வோல்ட்டில் பலகை கருகிவிடும். நம் கணினியில் சீரியல் வேகத்தை 115200 என்று வைத்துப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால், பெட்டியை எழுப்பிவிடும் யூ-பூட் என்ற பூட்லோடர் தன் பெயரைச் சொல்லிவிட்டு மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணத் தொடங்கும். அதற்குள் ஒரு விசையைத் தட்டினால் எண்ணிக்கை நின்றுவிடும். அந்த நொடியிலிருந்து பெட்டி நம் சொல்லைக் கேட்கும்.

முதலில் அதில் இருக்கும் அமைப்புகள் முழுவதையும் திரையில் வரவழைத்து ஒரு கோப்பில் சேமிக்க வேண்டும். பெட்டியின் நெட்வொர்க் முகவரியும் அதற்குள்தான் இருக்கிறது. அப்புறம் யூஎஸ்பி பென்டிரைவிலிருந்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் புதிய பதிப்பை நேராக ரேமில் ஏற்றி ஓடவிடலாம். ஃபிளாஷில் ஓர் எழுத்துகூட மாறாது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் பழையபடியே எழுந்திருக்கும். இப்படி ஓடவிட்டு, நெட்வொர்க்கும் டிஸ்கும் சரியாக வேலை செய்வதைப் பார்த்து, பழைய ஃபிளாஷின் நகலையும் எடுத்து வைத்த பிறகுதான் நிரந்தரமாக எழுத வேண்டும். பழைய யூ-பூட்டுக்கு டிவைஸ் ட்ரீ என்றால் தெரியாது. பலகையில் எந்தச் சில்லு எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பு அது. அதனால் அதைக் கெர்னலின் வாலிலேயே ஒட்டிக் கொடுக்கிறோம். பூட்லோடரே கெட்டுப்போனாலும், பல கிர்க்வுட் பெட்டிகளில் கேடபிள்யூபூட் என்ற கருவியால் சீரியல் வழியாகவே புதிய பூட்லோடரை ஊட்டி எழுப்ப முடிகிறது.

இவ்வளவும் சரி. தடை வருவது நிறுவனம் மறைத்து வைத்த இடங்களில்தான். சில பெட்டிகளில் அந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி வைத்திருப்பார்கள். தட்ட நேரமே கிடைக்காது. சிலவற்றில் பூட்லோடருக்குக் கடவுச்சொல். சிலவற்றில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கெர்னலைப் பெட்டி ஏற்கவே ஏற்காது. டிஎன்எஸ்-320எல்-இல் விசிறியையும் வெப்ப அளவையும் கவனிப்பது மைக்ரோகன்ட்ரோலர் என்ற தனிச் சில்லு. முதன்மைச் செயலி அதோடு இன்னொரு சீரியல் இணைப்பில் பேசுகிறது. அந்தப் பேச்சுக்கான ஆவணம் பொதுவெளியில் இல்லாததால், ஆர்வலர்கள் அதை ஒட்டுக்கேட்டு ஒவ்வொரு கட்டளையாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அது தெரியாமல் லினக்ஸ் ஏற்றினால் விசிறி நம் கையில் இருக்காது. மின்விசிறிக்கு அடியிலேயே வியர்க்கிற நம் ஊரில், மூடிய பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் சுழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்க ஆவணம் ஒன்று வெளியிட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

மறைக்க அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு என்ற உரிமத்தின்கீழ் வருகிறது. அதை விற்பனைப் பொருளில் வைத்துக் கொடுப்பவர் நிரலர்கள் எழுதிய மூலநிரலையும் கொடுக்க வேண்டும்; அதை ஓடும் நிரலாகத் தொகுப்பதையும் நிறுவுவதையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடக்கம் என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது. ஜெர்மனியில் மியூனிக் நீதிமன்றம் 2004-லேயே ஒரு ரவுட்டர் வழக்கில் இந்த உரிமத்தை நிலைநிறுத்தித் தடையுத்தரவு போட்டது. 2003-இல் லிங்க்சிஸ் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரலை வெளியிட நேர்ந்தபோது, அதிலிருந்துதான் ஓபன்-டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் தொகுப்பு பிறந்தது. இன்றும் எத்தனையோ ரவுட்டர்களும் சேமிப்புப் பெட்டிகளும் அதில் ஓடுகின்றன. ஆனால் தனி ஆளாகக் கேட்டால் கிடைப்பது வேறு. ஒரு நிறுவனத்துக்கு நான் எழுதியபோது வந்த கோப்பில் தொகுப்பு அமைப்பும் இல்லை, நிறுவும் ஸ்கிரிப்டும் இல்லை. திரும்ப எழுதினால் பதிலே இல்லை. சங்கத்தின் கடிதத்தாளில் அதே கேள்வி போனால் கதை வேறாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நம் நாட்டுச் சட்டத்திலும் பிடிமானம் உண்டு. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்க நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. விற்கும்போதே “கிடைக்காது” என்று அறிவித்துவிட்டால் தப்பிக்க அதே பிரிவில் இடமும் இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் பற்றி அது பேசவில்லை. மற்ற நாடுகள் இதைத் தாண்டிவிட்டன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுப் பொருளுக்கு எதுவரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதை வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, ஆதரவுக் காலம் பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டு. அதே பெட்டியின் அட்டையில் கோலாலம்பூர் லோ யாட் கடையிலும் ஜார்ஜ்டவுன் கடையிலும் அந்தத் தேதி ஏன் இருக்கக்கூடாது?

ஆகவே உள்நாட்டு வாணிப அமைச்சிடம் நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியது இதுதான். அட்டையில் அப்டேட் முடியும் தேதி அச்சாக வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பே பூட்லோடர் பூட்டைத் திறக்கும் வழி, முழு மூலநிரல், சீரியல் முனையின் விவரம், விசிறிபோன்ற சில்லுகளோடு பேசும் முறை எல்லாம் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியாக வேண்டும். தாமதம் ஆகாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் கிர்க்வுட் போன்ற பழைய ஆர்ம் செயலி வகைக்கு நிறுவும் நிரலே இல்லை. அந்த வகைக்கு அதுவே கடைசிப் பதிப்பு. ஆர்வலர்கள் இல்லாத ஆவணத்தை ஆண்டுக்கணக்கில் தேடி முடிப்பதற்குள் காலம் போய்விடுகிறது. திறந்துவிடாத பெட்டி கடைசியில் எஸ்டபிள்யூ110 என்று சுற்றுச்சூழல் துறை குறியிட்டிருக்கும் மின்கழிவாகத்தான் போகிறது. மின்கழிவு பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அமைச்சு அசையும்வரை மக்களுக்கு நீங்கள் தமிழிலேயே சொல்லக்கூடியவை உண்டு. அப்டேட் நின்ற பெட்டியை இணையத்துக்குத் திறந்து வைக்க வேண்டாம். ரவுட்டரில் அதற்கான வழியை மூடுங்கள். இரண்டு டிஸ்க் இருப்பதே காப்பு நகல் ஆகிவிடாது, வேறிடத்தில் இன்னொரு நகல் வேண்டும். பெட்டி எழுந்திருக்கவில்லை என்றால் டிஸ்கைத் தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலும் லினக்ஸ் கணினியில் செருகிப் படித்துவிடலாம். மை புக் லைவ் போன்ற சிலவற்றில் கோப்பு முறைமையின் பிளாக் அளவு 64 கேபி என்பதால் வழக்கமான கணினி ஏற்க மறுக்கும். அப்போதும் தரவு அழிந்துவிட்டதாக அர்த்தமில்லை, ஃபியூஸ்2எஃப்எஸ் போன்ற கருவியால் எடுத்துவிடலாம். திரையில் வரும் “ஃபார்மட் செய்யவா?” என்ற கேள்விக்கு மட்டும் ஆம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். 1972-இல் இன்டெல் வந்ததிலிருந்து பாயான் லெப்பாஸில் பலகைகளையும் சில்லுகளையும் சோதித்தே வாழ்ந்த தலைமுறைகள் இந்தத் தீவில் இருக்கின்றன. ஓய்வுபெற்ற டெக்னீஷியன் அண்ணன்கள், அக்காக்கள் பலருக்கு சீரியல் முனையும் மல்டிமீட்டரும் பழகிய பொருள்கள். மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் அலுவலகத்தில் ஒரு நீண்ட மேசையும் மின்சார இணைப்பும் கொடுங்கள். கேபிள்கள், பென்டிரைவ்கள், நகலெடுக்கக் காலி டிஸ்க் எல்லாம் நான் கொண்டு வருகிறேன். பெட்டியோடு வருபவர்கள் கூடவே உட்கார்ந்து பார்க்கட்டும். எந்த நிறுவனத்தின் எந்தப் பெட்டி, எந்தப் பூட்டில் நின்றுபோனது என்று ஒவ்வொன்றையும் எழுதி உங்களிடம் ஒப்படைக்கிறோம். அமைச்சிடம் போகும்போது கையில் அந்தப் பட்டியல் இருக்கும்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பயனீட்டாளர்